சிறு காய்கறி விவசாயிகளுக்கு வாங்குபவரோடு வணிகக் கூட்டு: முதல் கணக்கெடுப்பிலிருந்து முதல் பருவக் கணக்கு வரை

விவசாயிகள் குழு ஒன்றைக் கடைத்தொடரோடோ ஏற்றுமதியாளரோடோ பெரிய சமையலறையோடோ இணைக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே ஒப்பந்தத் தாளைத் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கையெழுத்தாகி மூன்றாம் வாரம், கேட்ட அளவில் பாதிகூடச் சேரவில்லை. சேர்ந்ததிலும் கால்வாசி திரும்பி வந்தது. திரும்பி வந்த காய்க்கு யார் பொறுப்பு என்று தாளைப் புரட்டினால், அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒப்பந்தம் பதினோராவது படியாகத்தான் வருகிறது. 'எல்லாரையும் உள்ளடக்கிய' என்பதற்கு இங்கே நான் கொள்ளும் பொருளும் எளிது: கால் ஏக்கர்க்காரர், குத்தகைக்காரர், வயலில் உண்மையில் வேலை செய்யும் பெண் ஆகிய மூவரும் முதல் பருவம் முடிந்த பிறகும் பட்டியலில் இருக்க வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வாரத்தில் மூன்று நான்கு நாள் இதற்கென்றே ஒதுக்கக்கூடிய ஓர் ஒருங்கிணைப்பாளர். சரிபார்த்த தராசு. ஒரே அளவிலான பிளாஸ்டிக் பெட்டிகள். ஒன்றில் 20 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம், அடியில் இருக்கும் காய் நசுங்கும். நகல் எடுக்கும் எடைச்சீட்டுப் புத்தகம். ஒன்பதாம் படியில் வரும் கணக்குப்படி கொஞ்சம் சுழல்பணம்.

குழுவைப் பதிவு செய்தாக வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். பணம் குழுவின் கணக்கு வழியாகப் போகும் என்றால் வேண்டும். ஆனால் பதிவு வரட்டும் என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைக்காதீர்கள். முதல் ஐந்து படிகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் நடக்கக் காலும் போதும்.

1. வயல் வயலாகக் கணக்கெடுங்கள்

கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொல்லிக் கணக்கெடுத்தால் வரும் எண் எப்போதும் பெரிதாகவே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் ஒரு டன் என்றால் இவர் ஒன்றரை டன் என்பார். வயலுக்கே போங்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள்: பரப்பு, எந்தெந்த மாதம் தண்ணீர் இருக்கும், இப்போது என்ன நிற்கிறது, எப்போது விதைத்தது, யார் பறிக்கிறார், இப்போது யாருக்கு விற்கிறார்.

இதோடு தயங்காமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "யாரிடமாவது முன்பணம் வாங்கியிருக்கிறீர்களா?" விதைக்கும் உரத்துக்கும் உள்ளூர் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர், காயை அவருக்கே கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருப்பார். இதை வெளியே சொல்ல மாட்டார், உங்கள் பட்டியலிலும் பெயர் கொடுப்பார். பறிப்பு தொடங்கியதும் காணாமல் போவார். அவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டாதீர்கள், பழைய வாக்கைக் காப்பாற்றுகிறார், அவ்வளவுதான். எவ்வளவு கடன், எவ்வளவு காயில் கழியும் என்று முன்பே தெரிந்தால், அவருடைய வயலில் பாதியை மட்டும் கணக்கில் சேர்க்கலாம்.

அந்த வியாபாரியை எதிரியாக்கிக் கொள்வது தொடக்கக்காரர்கள் செய்யும் இன்னொரு பிழை. வண்டி அவரிடம் இருக்கிறது, தராசு இருக்கிறது, இரண்டாம் தரக் காயை எங்கே தள்ளலாம் என்ற அறிவும் இருக்கிறது. நான் கண்ட குழுக்களில் நீண்ட நாள் நின்றவை, அப்படி ஒருவரை வண்டிக்காரராகவோ மீதக் காய் எடுப்பவராகவோ உள்ளே இழுத்துக்கொண்டவை.

பெயர் எழுதும்போது நிலப் பத்திரத்தில் உள்ள பெயரோடு நிறுத்தாதீர்கள். பயிரைப் பார்த்துக்கொள்பவர் யாரோ அவர் பெயரும் வேண்டும். உறுப்பினராக நிலப் பத்திரம் கட்டாயம் என்று வைத்தால் குத்தகைக்காரரும் பெண்களும் அந்த வரியிலேயே வெளியே போய்விடுவார்கள்.

2. வாங்குபவரிடம் விலையைக் கடைசியாகக் கேளுங்கள்

முதல் சந்திப்பில் இவற்றைக் கேளுங்கள்: எந்தெந்தக் கிழமை, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு. எந்தக் குறை எத்தனை சதவீதம் வரை ஏற்பு. இப்போது கொடுப்பவர்களின் காயில் எவ்வளவு திருப்பி அனுப்புகிறார்கள். பணம் எத்தனை நாளில் வரும். திருப்பி அனுப்பும் முடிவை யார் எடுக்கிறார்.

கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும், ஆனால் அதில்தான் விஷயம் இருக்கிறது. உங்களோடு பேசுபவர் கொள்முதல் மேலாளர். காயைத் தள்ளுபவர் கிடங்கு வாசலில் நிற்கும் வேறொருவர். மேலாளர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டதெல்லாம் வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. அடுத்த சந்திப்பில் அவரும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

சில நிறுவனங்கள் 'குறைந்தது 2 ஹெக்டேர்' என்று நிபந்தனை வைக்கும். உலகப் பண்ணைகளில் ஏறக்குறைய 84 சதவீதம் 2 ஹெக்டேருக்கும் குறைவானவை என்பது ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு போட்ட கணக்கு. அந்த நிபந்தனையை அப்படியே ஏற்றால் நீங்கள் யாருக்காக வந்தீர்களோ அவர்கள் யாரும் மிஞ்ச மாட்டார்கள். 'குறைந்தது இத்தனை பெட்டி' என்று மாற்றக் கேளுங்கள், அதையும் குழுவின் மொத்த அளவுக்கே வையுங்கள். வாங்குபவருக்கு வேண்டியது வண்டி நிறையக் காய். அது எத்தனை வயலிலிருந்து வந்தது என்பது, அடையாளச் சீட்டு சரியாக இருந்தால், அவருக்குத் தொல்லை தராது.

முடிந்தால் இரண்டு வாங்குபவர்களைப் பாருங்கள்: ஒருவர் முதல் தரத்துக்கு, இன்னொருவர் வளைந்ததும் பெருத்ததும் எடுக்கும் சமையலறையோ பதப்படுத்தும் இடமோ. விளைச்சலில் பாதிக்கு மேல் ஒரே கைக்குப் போகும் நிலை முதல் பருவத்தில் வேண்டாம்.

3. ஒரு பெட்டியைக் கடைசி வரை பின்தொடருங்கள்

ஒருநாள் அதிகாலைப் பறிப்பிலிருந்து கடை அலமாரி வரை ஒரே பெட்டியோடு போங்கள். எங்கே எத்தனை மணிக்கு, யார் தொட்டார், வெயிலா நிழலா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்று விவசாயிகளையும் வாங்குபவரின் ஆள் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.

எங்கள் வெள்ளரிக்காயை 'வாடல்' என்று தொடர்ந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். பறிப்பைக் குறை சொன்னோம், பறித்தவர்களோடு சண்டையும் போட்டோம். பெட்டியோடு போன அன்றுதான் தெரிந்தது: கிடங்கு வாசலில் எங்கள் வண்டி மூன்று மணி நேரம் வெயிலில் வரிசையில் நின்றது. காய் அங்கேதான் வாடியது. காயின் சூடு 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அது கெடும் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். கூட வந்த வாங்குபவரின் ஆளும் அதைக் கண்ணால் பார்த்தார். அடுத்த வாரமே எங்களுக்கு இறக்கும் நேரம் ஒதுக்கித் தந்தார்கள்.

4. கையில் நிற்கும் விலையைக் கணக்குப் போடுங்கள்

வாங்குபவர் 30 தருகிறார், மொத்தச் சந்தையில் 24 போகிறது. 25 சதவீதம் கூடுதல் என்று குழு குதிக்கும். 100 கிலோ பறித்த ஒருவருக்கு என்ன மிஞ்சுகிறது என்று எல்லார் முன்னிலையிலும் பலகையில் எழுதிப் பாருங்கள்.

வாங்குபவர் வழி: 100 கிலோவில் 80 கிலோ தேறுகிறது. 80 × 30 = 2,400. மீதி 20 கிலோ 10 வீதம் போகிறது: 200. வரவு 2,600. தேறிய காய்க்குச் சேகரிப்பு, வண்டிச் செலவு கிலோவுக்கு 3: 240. குழுவின் பிடித்தம் கிலோவுக்கு 1: 80. கையில் 2,280.

சந்தை வழி: தரம் பிரிக்காமல் 100 × 24 = 2,400. தரகு 8 சதவீதம்: 192. வண்டிக்கூலி 100. கையில் 2,108.

வித்தியாசம் 172, அதாவது 8 சதவீதம்தான். தரம் பிரிக்க உட்கார்ந்த இரண்டு மணி நேரத்துக்குக் கூலி போட்டால் அதுவும் கரையும். எண்கள் உங்களுக்கு வேறாக இருக்கும், கணக்கின் வடிவம் இதுவே. தேறும் பங்கு 80 சதவீதத்திலிருந்து 69க்கு இறங்கினால், இந்த எண்களிலேயே வாங்குபவர் வழி சந்தையைவிடக் கீழே போய்விடும் என்பதையும் போட்டுக் காட்டுங்கள்.

இதைக் காட்டினால் விவசாயிகள் பின்வாங்குவார்களே என்று சிலர் மறைக்கிறார்கள். மறைத்தால் முதல் சம்பளச் சீட்டிலேயே அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது. விலை ஏற்ற இறக்கம் குறைவது, அளவு முன்கூட்டியே தெரிவது, பணம் சொன்ன நாளில் வருவது போன்ற மற்ற லாபங்களைத் தனியாகச் சொல்லுங்கள். எண்ணோடு கலக்க வேண்டாம்.

5. சாகுபடி அட்டவணையைப் பின்னிருந்து முன்னாகப் போடுங்கள்

வாங்குபவர் கேட்கும் அளவிலிருந்து தொடங்கி விதைப்பு நாளுக்குப் பின்னோக்கி வர வேண்டும். புதியவர்கள் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது, அதனால் வெண்டையை வைத்து முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன்.

வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு 500 கிலோ என்று கேட்கிறார்கள். வாரத்துக்கு 1,500 கிலோ. கால் ஏக்கர் வயல் ஒன்று பறிப்புக் காலத்தில் வாரத்துக்குச் சராசரியாக 130 கிலோ தருகிறது என்று வையுங்கள். 1,500ஐ 130ஆல் வகுத்து 12 வயல் போதும் என்று முடிப்பதுதான் வழக்கமான தவறு.

130 கிலோவில் 80 சதவீதம்தான் தரத்தில் தேறும்: 104. அதிலும் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிடுங்கள். பூச்சி விழும், பறிக்க ஆள் வராது, வீட்டுக்கும் உறவுக்கும் போகும், பழைய கடனுக்குக் கொஞ்சம் போகும். மிஞ்சுவது சுமார் 83. இப்போது வகுத்தால் 18 வயல். இந்த 18ம் ஒரே சமயத்தில் காய்த்துக்கொண்டிருக்க வேண்டிய வயல்கள்.

அடுத்தது தொடர்ச்சி. விதைத்து ஏழு வாரம் வளர்ச்சி, பிறகு எட்டு வாரம் பறிப்பு என்றால் ஒரு வயல் 15 வாரத்தில் எட்டு வாரம்தான் காய் தரும். எப்போதும் 18 வயல் காய்த்துக்கொண்டிருக்க மொத்தம் 34 வயல் வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று வயலில் புது விதைப்பு நடந்துகொண்டே இருக்க வேண்டும். 12 என்று தொடங்கிய கணக்கு 34இல் வந்து நிற்கிறது.

எல்லாரும் முதல் மழைக்கே விதைத்தால் இரண்டு மாதம் காய் குவியும், அப்புறம் வெறுமை. யார் எந்த வாரம் விதைப்பது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள், அடுத்த சுற்றில் வரிசையை மாற்றுங்கள். விலை நல்ல மாதங்களுக்கான வாரங்களைத் தலைவருக்கு வேண்டியவர்களே எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். குழுக்கள் உடைவதற்கு வாங்குபவரைவிட இது பெரிய காரணம்.

வெண்டையைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. பூ விரிந்து நான்கிலிருந்து ஆறு நாளுக்குள் பறிக்க வேண்டும், ஒருநாள் தவறினால் நார் பிடிக்கும். வாங்குபவர் வாரத்தில் மூன்று நாள் எடுத்தாலும் செடி ஞாயிறு பார்க்காது. எடுக்காத நாட்களின் காய் எங்கே போகும் என்ற பதில் அட்டவணையிலேயே இருக்க வேண்டும்.

6. சேகரிப்பு மையத்தைப் பறிக்கிறவரின் நேரத்துக்கு வையுங்கள்

கட்டடம் தேவையில்லை. நல்ல நிழல், காற்றோட்டம், கழுவுவதற்குச் சுத்தமான தண்ணீர், வண்டி வந்து திரும்ப இடம் இருந்தால் ஒரு கொட்டகை போதும். தலைச்சுமையாகவோ சைக்கிளிலோ வருகிறவருக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். வண்டி வைத்திருப்பவருக்கு வசதியான இடத்தில் வைத்தால், வண்டி இல்லாதவர் கூலி கொடுத்தே கரைந்துபோவார்.

நேரமும் அப்படியே. 'காலை ஏழு மணிக்குள்' என்று எங்கள் மையம் முதலில் வைத்தது. அந்த நேரத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்த பெண்கள் வரவில்லை. ஒன்பதரை வரை நீட்டினோம். வண்டி புறப்பட அரை மணி தாமதம், அவ்வளவே. பதிவு நோட்டில் பதினோரு பெயர்கள் கூடின.

தரம் பிரிக்கப் பேச்சை நம்பாதீர்கள். 'நடுத்தரக் காய்' என்பது ஆளுக்கு ஆள் வேறு. நீள அளவு கீறிய ஒரு மரப்பலகை, ஏற்கும் காயும் ஏற்காத காயும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பெரிய புகைப்படங்கள், ஒரு மாதிரித் தட்டு ஆகிய மூன்றும் மேசை மேல் இருக்கட்டும். வெண்டைக்கு நுனியை ஒடித்துப் பார்க்கும் பழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் ஒடித்த காய் எடையில் சேருமா என்று எழுதி வையுங்கள். சிரிப்பாக இருக்கும், சண்டை அதில்தான் வரும்.

குளிர் அறை வாங்கும் ஆசை சீக்கிரம் வரும். கொஞ்சம் பொறுங்கள். முட்டைக்கோஸும் கேரட்டும் 0 டிகிரியை ஒட்டித் தாங்கும். தக்காளி, வெள்ளரி, கத்தரி, வெண்டை எல்லாம் அந்தக் குளிரில் புள்ளி விழுந்து குழைந்துவிடும். வெள்ளரி, கத்தரிக்கு 10 டிகிரிக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. பழுத்த தக்காளியிலிருந்து வரும் எத்திலீன் வாயு கீரையையும் வெள்ளரியையும் மஞ்சளாக்கும். எல்லாவற்றையும் ஒரே அறையில் அடைக்கிற குழுவுக்கு அறை இல்லாமல் இருப்பதே மேல். காலையில் பறித்து உடனே நிழலுக்குக் கொண்டுவருவதுதான் முதல் குளிரூட்டல், அதற்குச் செலவும் இல்லை.

7. திருப்பி அனுப்பும் பெட்டியைப் பற்றி முதலில் பேசுங்கள்

ஒரு மாலை பன்னிரண்டு பெட்டி தக்காளி தள்ளுபடி என்று தொலைபேசியில் சொன்னார்கள். மறுநாள் காலை பெட்டிகள் திரும்பி வந்தபோது அடியில் சாறு வடிந்துகொண்டிருந்தது. எந்தப் பெட்டி யாருடையது என்று தெரியவில்லை, சீட்டு ஒட்டவில்லை. கடைசியில் அன்று காய் கொடுத்த எல்லாருடைய பணத்திலும் பிடித்தோம். நல்ல காய் கொடுத்தவர்கள்தான் முதலில் விலகினார்கள்.

அந்த நாளுக்குப் பிறகு நான் வாங்குபவரிடம் கேட்பவை இவை.

காய் யாருடைய பொறுப்பு என்பது எந்த இடத்தில் கைமாறுகிறது? என் விருப்பம் சேகரிப்பு மையம்தான். வாங்குபவரின் ஆள் அங்கேயே பார்த்துக் கையெழுத்திட்டால், பிறகு வழியில் வாடியது அவர்கள் பாடு. அதற்கு ஒப்பவில்லை என்றால், கிடங்கில் இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்று நேரம் குறியுங்கள். அந்த நேரம் கடந்தால் ஏற்றதாகவே பொருள்.

தள்ளுபடிக்குக் காரணம் எண்ணால் எழுத வேண்டும்: 1 அளவு, 2 நசுங்கல், 3 பூச்சி, 4 வாடல், 5 மருந்து எச்சம். பெட்டிச் சீட்டோடு புகைப்படம் வேண்டும். மாதக் கடைசியில் இந்த எண்களைக் கூட்டிப் பார்த்தால் எந்த வயலுக்குப் போக வேண்டும் என்று தெரியும். சந்தையில் விலை விழுந்த நாட்களில் மட்டும் தள்ளுபடி ஏறுகிறதா என்பதும் தெரியும். ஏறினால் காயில் குறை தேடுவதை நிறுத்திவிட்டு வாங்குபவரோடு பேச வேண்டும்.

தள்ளிய காய் திரும்பி வரும் செலவு யாருடையது, அங்கேயே வேறு இடத்தில் விற்கலாமா என்பதையும் முடிவு செய்யுங்கள். என் அனுபவத்தில், அங்கேயே பாதி விலைக்கு விற்பது திருப்பிக் கொண்டுவருவதைவிட எப்போதும் லாபம்.

8. விலைக்கு ஒரு சூத்திரம் வையுங்கள்

பருவம் முழுவதற்கும் ஒரே விலை என்றால், சந்தை ஏறும் வாரத்தில் விவசாயி வெளியே விற்பார், சந்தை விழும் வாரத்தில் வாங்குபவர் தள்ளுபடியைக் கூட்டுவார். இரண்டு பக்கமும் மனிதர்கள்தான். தினச் சந்தை விலையே என்று வைத்தால் கூட்டுக்கே பொருள் இல்லை.

நடுவழி ஒன்று நன்றாக ஓடியது. அடிவிலை 20, மேல்விலை 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் இருக்கும்போது குறித்த ஒரு மொத்தச் சந்தையின் கடைசி மூன்று சந்தை நாள் சராசரி. 20க்குக் கீழே போனாலும் 20. 30ஐத் தாண்டினால் தாண்டிய பகுதியை இருவரும் பாதியாகப் பிரிப்பது. சந்தை 50 என்றால் விவசாயிக்கு 40. அந்த நாளில் 10 குறைவுதான், ஆனால் 20க்கு இறங்காத உறுதிக்கு அது விலை என்று சொன்னால் பெரும்பாலோருக்குப் புரிகிறது.

அடிவிலையை வாங்குபவர் சொல்லக் கூடாது. விதை, உரம், மருந்து, தண்ணீர், குத்தகை, வீட்டாரின் உழைப்புக்கும் கூலி என்று நான்காவது படியைப் போலவே பலகையில் எழுதி வர வேண்டும். வீட்டாரின் உழைப்பை விட்டுவிடுவது வழக்கம். விட்டால் பெண்களின் வேலை இலவசமாகிவிடுகிறது.

9. பணம் எத்தனை நாளில், யார் கைக்கு

நிறுவனம் 30 நாளில் கொடுக்கும். கால் ஏக்கர்க்காரரால் மூன்று நாளுக்கு மேல் காத்திருக்க முடியாது, நாளை பறிப்புக் கூலி கொடுக்க வேண்டும். இந்த 27 நாள் இடைவெளியை யாராவது சுமக்க வேண்டும். வாரத்துக்கு 1,500 கிலோ என்றால் ஏறக்குறைய 5,800 கிலோ காயின் பணம் எப்போதும் வெளியே நிற்கும். அதுதான் குழுவுக்கு வேண்டிய சுழல்பணம். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நாள் குறைக்கப் பேரம் பேசுங்கள். 14 நாளாகக் குறைந்தால் 2,400 கிலோவுக்குக் கீழே வந்துவிடும். கிலோவுக்கு ஒரு காசு கூடக் கேட்பதைவிட இது பெரிய வெற்றி.

பேரத்துக்கு ஒரு முன்மாதிரி: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு உத்தரவு, பெரிய நிறுவனங்கள் அழுகும் விளைபொருளுக்கு 30 நாளுக்கு மேல் பணத்தை இழுப்பதையும், 30 நாளுக்குக் குறைந்த அவகாசத்தில் ஆர்டரை ரத்து செய்வதையும் தடை செய்கிறது. உங்கள் நாட்டில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், உலகில் எங்கும் நடக்காததைக் கேட்கவில்லை என்று காட்ட உதவும்.

யார் கைக்கு என்பது தனிக் கேள்வி. தரம் பிரிப்பு மோசமாகிக்கொண்டே போன ஒரு வீட்டில் போய்க் கேட்டேன். அந்த அம்மா சொன்னார்: "காசு அவர் கணக்குக்குப் போகுது தம்பி. குனிஞ்சு பொறுக்குறது நான். எதுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பிரிக்கணும்?" கூட்டுக் கணக்கோ அவர் பெயரில் தனிக் கணக்கோ வைத்து, எடைச்சீட்டில் அவர் பெயரையும் எழுதத் தொடங்கினோம். மூன்றாம் வாரம் அந்த வீட்டுக் காய்தான் மாதிரித் தட்டில் இருந்தது.

10. மருந்துக் குறிப்பேடு

எந்த மருந்து, எந்த நாள், எவ்வளவு, எப்போது பறித்தது என நான்கு பத்தி உள்ள ஒரு நோட்டு, வயலுக்கு ஒன்று. பாட்டிலில் எழுதியிருக்கும் காத்திருப்பு நாள் முடியாமல் பறித்த காயை மையத்தில் எடுக்கக் கூடாது. ஒருவர் காயில் எச்சம் கூடினால் வண்டி முழுவதும் தள்ளுபடியாகலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் போட்ட அட்டையோ வாரம் ஒருமுறை வந்து எழுதும் ஆளோ ஏற்பாடு செய்யுங்கள்.

சான்றிதழ் வாங்குபவர் கேட்காதவரை வேண்டாம். நல்ல வேளாண் முறைக்கான சர்வதேசச் சான்றான குளோபல் காப் (GLOBALG.A.P.) கேட்டால், குழுவாகவே சான்று பெறும் வழி அதில் இருக்கிறது. குழு தன் உறுப்பினர் எல்லாரையும் ஆண்டுதோறும் தானே சோதிக்க வேண்டும். வெளித் தணிக்கையாளர் உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்காவது மாதிரி எடுத்துப் பார்ப்பார், 100 பேருக்கு 10 பேர். தனித்தனியாக வாங்கும் செலவைச் சிறு விவசாயி தாங்க முடியாது.

11. இப்போது ஒப்பந்தம்

இதுவரை முடிவானதை எழுதுங்கள், புதிதாக எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டு மூன்று பக்கம் போதும், விவசாயிகள் பேசும் மொழியில். கூட்டத்தில் உரக்கப் படித்துக் காட்டுங்கள். படித்தபின் உறுப்பினர் ஒருவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், எந்த வரி புரியவில்லை என்று அப்போது தெரியும்.

அளவை ஒரே எண்ணாகப் போடாமல் 'வாரத்துக்கு 1,200 முதல் 1,600 கிலோ' என்று இடைவெளியாகப் போடுங்கள். வெள்ளம், வறட்சி, நோய் வந்தால் யார் யாருக்கு எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதுங்கள். சச்சரவு வந்தால் முதலில் இருதரப்பும் நம்பும் ஒரு மூன்றாம் ஆள். நீதிமன்றம் என்று மட்டும் எழுதினால் சிறு விவசாயிக்கு வழியே இல்லை என்று எழுதியதற்குச் சமம். நிறுவனம் விதையோ உரமோ கடனாகத் தந்தால் அதன் விலையும் கழிக்கும் முறையும் தனிப் பத்தியாக வரட்டும்.

12. எட்டு வாரச் சோதனை

எல்லாரையும் சேர்க்காமல் கேட்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள். எட்டு வாரம் என்பது வெண்டையின் ஒரு பறிப்புக் காலம். பயிர் வேறானால் நாளும் மாறும். சோதனைக்குத் திறமையானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் முடிவு அழகாக இருக்கும், பிறகு பெருக்கும்போது இடிந்து விழும். கால் ஏக்கர்க்காரர், தூரத்து வயல்காரர், குத்தகைக்காரர் எல்லாரிலும் சிலர் இருக்கட்டும்.

வாரம் ஒருமுறை வாங்குபவரின் கிடங்கு ஆளோடு பதினைந்து நிமிடம் பேசுங்கள். எண்கள் நான்கு போதும்: சொன்ன அளவு, கொடுத்த அளவு, தள்ளுபடி, பணம் வந்த நாள்.

வெளியே விற்றவரைத் தண்டிக்கும் வேகம் இந்தக் கட்டத்தில் எல்லாருக்கும் வரும். முதலில் போய்க் கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பாதிக்கு மேல், அன்றைக்கு உடனே காசு தேவைப்பட்டிருந்தது. மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம். சிறிய அவசர முன்பணம் ஒன்றைக் குழுவே வைத்தபோது வெளியே போகும் காய் குறைந்தது. விலைக்காக மட்டும் மூன்றாம் முறையும் போனவருக்கு அடுத்த சுற்று விதைப்பு வரிசையில் கடைசி இடம் கொடுங்கள், அது போதும்.

13. முதல் பருவக் கணக்கு

பருவம் முடிந்ததும் லாபக் கணக்குக்கு முன்னால் இரண்டு பட்டியலைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: முதல் படியில் எழுதிய பெயர்கள், கடைசி வாரம் காய் கொடுத்த பெயர்கள். முன்னதில் இருந்து பின்னதில் இல்லாதவர்களை வட்டமிடுங்கள். அவர்களில் பெண்கள் எத்தனை, குத்தகைக்காரர் எத்தனை, மையத்திலிருந்து தூரத்தில் இருப்பவர் எத்தனை என்று எண்ணுங்கள்.

எங்கள் முதல் பட்டியலில் 46 பெயர், கடைசியில் 29. வட்டமிட்ட 17 பேரில் பன்னிரண்டு பேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள். மழை நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் சுற்றி வர அவர்களால் முடியவில்லை. தரமும் விலையும் பேசிப் பேசி அந்தப் பருவத்தைக் கழித்த எங்களில் ஒருவரும் பாலத்தைப் பற்றி யோசித்திருக்கவில்லை. அடுத்த பருவத்துக்கு வாங்குபவரிடம் நாங்கள் கேட்டது கிலோவுக்குக் கூடுதல் விலை அல்ல, வாரத்தில் இரண்டு நாள் வண்டி அந்தக் கரையில் நிற்க வேண்டும் என்பதுதான்.